மலைநாடும் மக்கள் வண்டியும்

தமிழாசிரியனுக்கு மோட்டார் வண்டியினிடத்து என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவருட் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பது அவர்தம் உரிமை. ஆயினும், கல்லூரி வாயிலில் நிற்கும் எமது பழைய வொக்ஸ்வாகன் வண்டியைச் சூழ்ந்துகொண்டு இடைவேளையில் மாணவர் கேட்கும் வினாக்கள், இலக்கண வகுப்பில் அவர்கள் கேட்பனவற்றிலும் பல, கூர்மையும் மிகுந்தவை. "சேர், இதுக்குத் தண்ணி எங்க ஊத்துறது?" என்பான் ஒருவன். "எஞ்சின் ஏன் பின்னால இருக்கு?" என்பான் இன்னொருவன். "இத வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்பான் மூன்றாமவன். முதலிரு வினாக்களுக்கும் விடை கூறுதல் எளிது. மூன்றாவது வினாவே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஏனெனில், சென்ற ஆண்டு முதல் அதே வினாவை எம் இல்லத்தார் கேட்கின்றனர். கொழும்பிலிருந்து வந்த தரகர் ஒருவர் அதற்குத் தொகையும் கூறிச் சென்றுள்ளார்.

சொல்லிலிருந்து தொடங்குதல் எம் தொழிலுக்கு இயல்பு. கார் என்பது நம் மொழியிற் கருமையையும் முகிலையும் மழைக்காலத்தையும் குறிப்பது. வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதங்களிற் கார் ஓட்டிச் செல்வோர் இச்சொல்லின் இரு பொருளையும் ஒருங்கே அறிவர். வொக்ஸ்வாகன் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு மக்கள் வண்டி என்பது பொருள். அதன் பிற்பாதியாகிய 'வாகன்' என்பது நாம் கோயிற்றிருவிழாவில் வழங்கும் 'வாகனம்' என்ற சொல்லோடு செவிக்கு ஒத்திருப்பது தற்செயலன்று. வடமொழியின் வாகனமும் ஜெர்மன் மொழியின் வாகனும் சுமத்தல், செலுத்தல் என்னும் பொருளுடைய ஒரே மூலத்திற் பிறந்தவை என்பது மொழிநூலார் முடிபு. பீட்டில், அஃதாவது வண்டு, என்பது மக்கள் இட்ட செல்லப்பெயர்.

இவ்வண்டு பிறந்த கதை இனியதன்று. 1934ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள், எளியவரும் வாங்கத்தக்க சிறு வண்டியொன்றை வகுத்துத் தருமாறு ஜெர்மனியின் மோட்டார்த் தொழிலாளர் சங்கமன்று, மோட்டார் உற்பத்தியாளர் சங்கமே பெர்டினண்ட் போர்ஷ என்னும் பொறியியலாளரோடு ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பின்னின்று ஆணையிட்டது ஹிட்லரின் அரசு. வண்டியின் விலை 990 மார்க் எனக் குறிக்கப்பட்டது. கிழமைக்கு 5 மார்க் பெறுமதியான முத்திரை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டிவரும் தொழிலாளிக்கு வண்டி கிடைக்கும் என்றனர். ஏறத்தாழ 3,36,000 பேர் அங்ஙனம் பணங் கட்டினர். ஒருவருக்கேனும் வண்டி கிடைத்திலது. தொழிற்சாலை போர்க்கருவி செய்தது. பிற நாடுகளினின்று பிடித்துவரப்பட்டோர் அங்கு வற்புறுத்தி வேலை வாங்கப்பட்டனர். பணங் கட்டியோர் போருக்குப் பின் நெடுங்காலம் வழக்காடி, 1961இல், புதுவண்டி வாங்கின் 600 மார்க் கழிவு அல்லது 100 மார்க் ரொக்கம் என்ற அளவிற் சமாதானம் அடைந்தனர். துண்டுக் கடனுக்கும் அரிசிக்கும் பிடித்ததுபோக மாதக்கடைசியிற் கையில் எஞ்சியதை எண்ணிப் பார்த்த பாட்டன்மாரின் பேரர்களாகிய நமக்கு, அம்முத்திரைப் புத்தகத்தின் துயரை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

போர் முடிந்தபின் அத்தொழிற்சாலை பிரித்தானியப் படையின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹெர்ஸ்ட் என்னும் அதிகாரி இடிபாட்டிடையே வேலையை மீண்டும் தொடக்கினார். 1945 டிசம்பர் இறுதியில் வண்டிகள் வெளிவரலாயின. பிரித்தானிய மோட்டார் உற்பத்தியாளர் வந்து பார்த்தனர்; இதற்கு எதிர்காலம் இல்லை என்று விட்டகன்றனர். 1948இல் ஹைன்றிஷ் நோர்டோப் பொறுப்பேற்றார். 1955 ஆகஸ்டில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1972 பெப்ரவரியில் போர்டு நிறுவனத்தின் 'ரீ' வகை வண்டியின் எண்ணிக்கையை இது கடந்தது. 2003 ஜூலை 30ஆம் நாள் மெக்சிக்கோவில் இறுதி வண்டி வெளிவந்தபோது மொத்தத் தொகை 2,15,29,464. பிரித்தானியர் வேண்டாம் என்று தள்ளியதைப் பிரித்தானியத் துரைமாரே பின்னர் நம் மலைகளில் வாங்கி ஓட்டினர் என்பதை எண்ணும்போது சிறு நகை எழுவது இயல்பே.

நிற்க, நம் நாட்டுக்கு வருவோம். தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் ஓடியவை ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன், லாண்ட் றோவர் முதலிய ஆங்கில வண்டிகளே. 1950களில் ஜெர்மானிய வண்டிகள் அவற்றினிடையே தலைகாட்டின. பீட்டிலும் ஓப்பலும் டவுனுசும் போர்க்வார்டும் மெர்சிடிஸ் பென்சும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குத் தளை விழுந்தது. 1977இன் இறுதியிலேயே அது தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் உள்ளதைக்கொண்டு ஓட்டுவதன்றி வேறு வழியில்லை. ஐரோப்பாவில் என்றோ உருக்கப்பட்டிருக்கவேண்டிய வண்டிகள் இங்கு நின்று நிலவியது இக்காரணத்தாலன்றி, நமக்குப் பழமையினிடத்து இருந்த தனிப்பற்றால் அன்று. இதனை ஒப்புக்கொள்வதில் நாணமில்லை.

வண்டியின் வயதை அறிய விரும்புவோர் முதலிற் பார்ப்பது இலக்கப்பலகையை. ஈர் ஆங்கில எழுத்துக் கொண்டவை முந்தியவை. 1950களின் பிற்பகுதியில் அவ்விடத்தைச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பிடித்தது. 1958இல் அவ்வெழுத்தைத் தமிழர் தாரால் அழித்ததும், அதன் வழி மூண்ட துயரும் வரலாறு. இன்று அதே 'ஸ்ரீ'ப் பலகை பழங்கார் வாங்குவோரிடத்துப் பெருமதிப்புப் பெறுகின்றது. மாற்றாது வைத்திருப்பின் விலை கூடும் என்கின்றனர். காலம் செய்யும் கோலத்தை என்னென்பது!

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும் மலைநாட்டின் முகத்தை மாற்றின. எஞ்சியிருந்த ஆங்கிலத் துரைமாரிற் பெரும்பாலோர் கப்பலேறினர். அவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் டீமேக்கர், பெரிய கிளாக்கர், மருந்தாளர், நகரத்துக் கடைக்காரர் எனக் கைமாறின. தோட்ட வைத்தியசாலையொன்றில் மருந்தாளராயிருந்த எம் தந்தையார், 1979இல், பதினெட்டு ஆண்டு ஓடிய பீட்டில் ஒன்றை இரண்டாங் கையிடமிருந்து வாங்கினார். துரையின் கார் வருகின்றதென்றால், கொட்டும் மழையிலும் குடையை மடக்கிக்கொண்டு வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நின்றவர் எம் பாட்டனார். அவரை முன்னிருக்கையில் ஏற்றித் தந்தையார் லயத்து வாசல்வரை ஓட்டிச் சென்றாராம். பாட்டனார் வழிநெடுகக் குடையை விரித்துப் பிடித்தபடி காருக்குள் இருக்க முயன்றார் என்று வீட்டிற் கூறுவர். கதை சற்று மிகைப்பட்டதாயிருக்கலாம். ஆயினும் நாம் அதனைத் திருத்துவதில்லை. 1983 ஜூலையில் நுவரெலியா நகர் எரிந்தபோது கடைகளோடு வண்டிகள் பலவும் எரிந்தன. எமது வண்டி தோட்டத்து மாட்டுத்தொழுவில், வைக்கோலுக்குப் பின்னால் நின்று தப்பியது.

இனி, வண்டி மலையேறும் முறையைக் காண்போம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,100 அடி உயரத்தது. நுவரெலியா 6,128 அடி. உயர ஏறக் காற்று அருகும். எஞ்சின் உண்பது பெற்றோலை மட்டுமன்று, காற்றையும் ஆம். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வலு குறையும் என்பது பொதுக்கணக்கு. எமது 1961ஆம் ஆண்டு வண்டியின் எஞ்சின் 1192 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 34 குதிரைவலுவும் உடையது. நுவரெலியாவில் அது 28 குதிரைகூட இல்லை. அன்றியும், கொழும்பிற் சரியாக அமைத்த காபரேட்டர் இங்கு வந்ததும் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கலக்கும்; புகைக்குழாய் கறுத்துக் காணப்படும். மலைநாட்டில் நிலையாக வாழும் வண்டிக்குச் சற்றுச் சிறிய ஜெட் இடுதல் நலம். சமவெளிக்கு அடிக்கடி செல்வோர் இதனைச் செய்தலாகாது. தாழ்நிலத்தில் எஞ்சின் பெற்றோல் குன்றிச் சூடேறும்.

தண்ணீர் எங்கே ஊற்றுவது என்ற மாணவனுக்கு விடை: எங்கும் இல்லை. நீர் ஆறாயிரம் அடியில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் பாதையிற் பழைய ஆங்கில வண்டிகள் ஆவி கக்கி ஓரங்கட்டி நின்றமைக்கு ஏற்றத்தோடு இவ்வியல்பும் காரணம். பீட்டிலின் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று. எஞ்சினாற் சுழற்றப்படும் விசிறியொன்று, தகட்டுக் கூட்டினூடே காற்றைத் தள்ளி உருளைகளின் இறக்கைகள்மேற் பாய்ச்சுகின்றது. மின்னாக்கியும் விசிறியும் ஒரே தண்டில், ஒரே பெல்டினால் ஓடுவன. இதிற் பெரிய பயனொன்று உண்டு. பெல்ட் அறுந்தால் விசிறி நிற்கும். உடனே மின்னாக்கியும் நின்று முகப்பிற் சிவப்பு விளக்கு எரியும். அவ்விளக்கு எரிந்தபின், அடுத்த கராஜ்வரை போய்விடலாம் என்று எண்ணுபவர் புது எஞ்சினுக்குப் பணம் தேடவேண்டியவரே. வண்டியில் எப்போதும் மாற்று பெல்ட் ஒன்றும் 21 மில்லிமீற்றர்ச் சாவி ஒன்றும் இருத்தல் வேண்டும்.

விசிறிக் கூட்டினுள் காற்றை அளந்துவிடும் கதவங்களும் அவற்றை இயக்கும் தேமோஸ்டாட்டும் உண்டு. சமவெளி மெக்கானிக்குகள் இவை வேண்டாதவை என்று கழற்றி எறிவர். கொழும்பின் வெயிலில் அது பொறுக்கலாம். நுவரெலியாவின் தைமாதக் காலையில், புற்கள்மேல் உறைபனி படியும்போது, எஞ்சின் சூடேற அரைமணி செல்லும். சூடேறாத எஞ்சின் விரைவிற் தேயும். எமது வண்டியிலும் இவை இல்லாதிருந்தன. பழைய கூடு ஒன்றிலிருந்து தேடி எடுத்துப் பொருத்த எமக்கு இரண்டாண்டு சென்றது.

மூடுபனிக்கு உரிய நோய் ஒன்றும் உளது. ஈரம் மிகுந்த குளிர்காற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பீட்டில் திடீரெனத் திணறும். சிறிது நிறுத்திவைத்தால் தானே குணமடையும். பேயென்றும் பெற்றோலில் நீரென்றும் பலர் பலவாறு கூறுவர். உண்மை வேறு. பெற்றோல் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தைக் கவரும். வெளியே நீர் உறையாத குளிரிலுங்கூட, காபரேட்டரின் உள்ளேயும் அதன்கீழ்க் குழாயிலும் காற்றின் ஈரம் பனிக்கட்டியாய்ப் படியும். இதனைத் தவிர்க்கவே புகைக்குழாயின் வெப்பத்தை அக்குழாய்க்கு ஊட்டும் சிறு கிளைக்குழாய் அமைக்கப்பட்டுள்ளது. ஆண்டு பல செல்ல அது கரியால் அடைபட்டுவிடும். கையால் தொட்டுப் பாருங்கள்: எஞ்சின் சூடானபின்னும் அது குளிர்ந்திருப்பின் நோய் அதுவே. நிறுத்திவைத்தாற் குணமாவது, எஞ்சினின் சூடு மேலேறிப் பனியை உருக்குவதால்.

எஞ்சின் பின்னால் இருப்பதன் பயன் தோட்டத்துப் பாதையில் விளங்கும். வண்டியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்கள்மேல் அழுத்துகின்றது, உந்துவனவும் அவையே. களிமண் குழைந்த ஏற்றத்தில், முன்னே எஞ்சினும் பின்னே உந்துசக்கரமும் உடைய வண்டி வழுக்கி நிற்குமிடத்து, இது ஏறிவிடும். ஆனால் நன்மை எதுவும் விலையின்றி வருவதில்லை. பின்னச்சு, கியர்ப்பெட்டியருகே மட்டும் மூட்டுடைய ஊசலச்சு. வளைவிற் பின்புறம் சற்று உயர்ந்தால், வெளிச்சக்கரம் உள்நோக்கி மடங்கி, டயரின் ஓரத்திலே நிற்கும், பிடி போய்விடும். வளைவின் நடுவே பயந்து பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுப்பதே இதனை வரவழைக்கும் உறுதியான வழி. அப்போது நிறை முன்னுக்கு ஓடப் பின்புறம் எழும்பும்.

இதனை நூலிற் படித்து அறிந்தோம் என்று எழுத ஆசைதான். ஒரு கார்த்திகை மாலை, இறம்பொடை இறக்கத்தில், எதிரே வந்த பேருந்தைக் கண்டு, வளைவின் நடுவில் அதையே செய்தோம். சாலை எம்முன் சுழன்றது. வண்டி வந்த திசை நோக்கித் திரும்பி, மலைப்பக்கத்து மண்மேட்டிலே சாய்ந்து நின்றது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் இக்கட்டுரையை வேறொருவர் வேறு தலைப்பில் எழுதியிருப்பர். பின்னிருக்கையில் எம் மகள் இருந்தாள். ஒரு மட்காட் நசுங்கியதன்றி ஒருவருக்கும் ஊறில்லை. தவறு வண்டியினதன்று, எமதே. வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வளைவினூடே பெற்றோலை மெல்லிதாய்க் கொடுத்தவாறு செல்லல் வேண்டும். முன் டயரிற் காற்றைக் குறைத்தும் பின் டயரில் மிகுத்தும் வைத்தல் வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்துவிடும் பெற்றோல் நிலையப் பையனிடம் இதனை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லல் வேண்டும்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். பென்ஸ் என்பாரின் மனைவி பேர்தா அம்மையார், 1888 ஆகஸ்டில், கணவரிடம் கூறாது, இரு புதல்வரோடு, மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம்வரை 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். ஏற்றங்களில் வண்டி ஏறாது, பிள்ளைகள் தள்ளினர்; இறக்கங்களில் மரப் பிரேக்குக் கட்டை தேய்ந்தது. வழியில் ஒரு செம்மானிடம் தோல் அடிப்பித்து அதனைச் சரிசெய்தார். திரும்பியபின், மலையேற இன்னுமொரு கியர் வேண்டும் என்று கணவருக்கு எடுத்துரைத்தார். உலகின் முதல் நெடும்பயணத்தையே மலையொன்று சோதித்தது. நம் பாதைகள் இன்றும் அவ்விரண்டையுமே சோதிக்கின்றன. டிரம் பிரேக்குகள் நீண்ட இறக்கத்திற் சூடேறிப் பிடியிழக்கும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலை நோக்கி இறங்குகையில் ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய சாரதிமார் மொழி. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். நம் மலைகளில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டாண்டுக்கொருமுறை அதனை முற்றாக மாற்றுதல் சிக்கனக்காரரும் செய்யவேண்டிய செலவு.

நெருப்பு எங்கே பிறக்கும் என்பதையும் உரிமையாளர் அறிந்திருத்தல் வேண்டும். பீட்டிலின் பற்றறி பின்னிருக்கைக்கு அடியில் உள்ளது. மூடி இல்லாதபோது, பாரமானவர் அமர்ந்தாலோ பிள்ளைகள் குதித்தாலோ இருக்கையின் கம்பிச்சுருள் பற்றறியின் முனைகளைத் தொட்டு, நார்த் திணிப்பிலே தீப்பற்றும். எஞ்சின் அறையில், பெற்றோல் செல்லும் துணிசுற்றிய ரப்பர்க் குழாய் வெடித்தால், சூடான எஞ்சின்மேற் பெற்றோல் சொட்டும். பீட்டில்கள் பல எரிந்தொழிந்தது ஒரு முழக் குழாயை மாற்றாமையால் என்றால் நம்புவது அரிது, ஆயினும் உண்மை.

பெற்றோலைக் குறித்துப் பழைய மாணவர் சிலர் எம்மை வினவியதுண்டு. 2002இல் நம் நாட்டில் ஈயங் கலந்த பெற்றோல் ஒழிந்தபோது பழவண்டிகள் கெட்டொழியும் என்றனர். பீட்டிலின் தலைப்பகுதியில் வால்வுகள் அமர்வது கடினமான உலோக வளையங்களில் ஆதலின் தீங்கு நேரவில்லை. அமுக்க விகிதமும் ஏழுக்கு ஒன்று அளவினதே. இதற்கு 92 ஒக்டேனே மிகுதி. 95 ஊற்றுவது பெருமைக்கு ஊற்றுவதாகும். எமது வண்டியிற் பெற்றோல் காட்டும் முள் இல்லை. அது 1961 ஆகஸ்டுக்குப் பின்னரே வந்தது. வண்டி திணறியவுடன் காலாற் திருப்ப ஒரு நெம்பு உண்டு. மிச்சமாய் ஏறத்தாழ ஐந்து லீற்றர் திறக்கும். திருப்பியதை மீளத் திருப்பி வைக்க மறந்தவர் அடுத்தமுறை நடந்தே வீடு செல்வார். நாம் இருமுறை சென்றுள்ளோம்.

மெர்சிடிஸ் பென்சைக் கூறாது விடின் வணிகப் பெருமக்களாகிய பழைய மாணவர் பொறார். டீசலில் ஓடும் பயணிகள் வண்டியை முதன்முதல் விற்பனைக்குச் செய்தோருள் இந்நிறுவனமும் ஒன்று. 1936இல் 260 டி என்னும் வண்டி காட்சிக்கு வந்தது. 1954இல் வந்த 180 டி, 1961இல் வந்த வால்முனை உயர்ந்த 190 டி, 1976 முதல் ஏறத்தாழ பத்தாண்டில் 27 இலட்சமளவு வெளிவந்த 123ஆம் வரிசை ஆகியன இங்கு நாம் காணும் வகைகள். டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டியதில்லை. காற்றை ஏறத்தாழ இருபத்தொரு மடங்கு அமுக்க, அச்சூட்டில் எண்ணெய் தானே பற்றும். குளிர்காலையில் அச்சூடு போதாமையால், உருளைக்குள் கம்பியொன்றைச் சிவக்கக் காய்ச்சியே தொடக்கவேண்டும். நுவரெலியாவில் அதிகாலை அந்த ஒரு நிமிடத்தைப் பொறாது சாவியைத் திருகுவோர் பற்றறியைக் கொல்வர். வண்டி உறுதி, வேகம் குறைவு. முதிர்ந்த வணிகர்க்கு இரண்டும் ஏற்றவை. மெர்சிடிஸ் என்பது எமில் எலினெக் என்பாரின் மகள் பெயர். போர்க்வார்ட் இசபெல்லாவும் அழகிய வண்டிதான். ஆயின் அந்நிறுவனம் 1961இலேயே முறிந்தது. அதனை வாங்குவோர் உதிரிப்பாகத்துக்காக உலகெங்கும் கடிதம் எழுதப் பழகிக்கொள்ளல் வேண்டும்.

ஆண்டுதோறும் சித்திரையில், வசந்தகாலத்தை ஒட்டி, நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடப்பதுண்டு. அது தொடங்கியது 1934இல். போர்ஷ ஒப்பந்தமிட்ட அதே ஆண்டு. அந்நாட்களிற் கொழும்பிலிருந்து பழங்கார்கள் வரிசையாய் வரும். குரோம் பளபளக்கும், வண்ணம் கண்ணைப் பறிக்கும். பார்க்க இனிதே. எனினும் எம் கருத்தைக் கூறிவிடுகின்றோம். தகட்டின் தழும்பெல்லாம் மறைத்து, மூல வண்ணத்தைச் சுரண்டி, மழைக்கு அஞ்சி மூடிவைக்கப்படும் வண்டி, ஏட்டைப் பட்டுத்துணியிற் சுற்றிப் படியாது வைத்தல் போன்றது. ஏடு படிக்கப்பட வேண்டும். அதற்காகச் செல்லரிக்க விடலாம் என்பதன்று. பீட்டில் உள்ளிருந்தே உக்கும். வாயிற்படியின் கீழுள்ள வெப்பக்காற்றுக் குழல், பற்றறியின் கீழுள்ள தரைத்தகடு, முன்னச்சுக் குழல் ஆகிய இம்மூன்றையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாராமல் எவரும் வாங்கலாகாது. மேல்வண்ணம் பொய் கூறும், தரை கூறாது.

விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் ஓடும் வண்டி எதற்கும் பொன்விலை. பழங்காருக்கோ அதன்மேலும் ஒரு விலை. தரகர் கூறிய தொகை ஆசிரியன் ஒருவனின் ஆண்டுச் சம்பளத்தைப் பன்மடங்கு விஞ்சுவது. எம் மகள் பல்கலைக்கழகம் புகும் ஆண்டு இது. கூரைத் தகரமும் மாற்றவேண்டியுள்ளது. பாட்டனாரின் குடையைப் பற்றிப் பேசி இவற்றுக்கு விடைகூற இயலாது என்பதை நாம் அறிவோம்.

மறுபுறம் வேறொன்று எம்மை உறுத்துகின்றது. ஹட்டனில் எமது வண்டியைப் பார்க்கும் பாஸ் எழுபதைத் தாண்டியவர். எஞ்சின் ஓடும் ஒலியைக் கேட்டே எந்த உருளையின் வால்வு இறுகியுள்ளது என்று கூறுவார். மூன்றாவது உருளை என்றால் வியப்பதில்லை. எண்ணெய் குளிர்விக்கும் பெட்டி அதற்குச் செல்லும் காற்றை மறிப்பதால் அதுவே மிகச் சூடாவது. இக்காரணத்தை அவருக்கு எவரும் நூலிற் காட்டவில்லை. முப்பது நாற்பது எஞ்சின்களைக் கழற்றி அவரே கண்டது. அவரிடம் தொழில் பயில வந்த இளைஞர் இருவரும் வெளிநாடு சென்றுவிட்டனர். வண்டிகள் ஒவ்வொன்றாய்க் கீழிறங்கிக் கொழும்பு செல்லுமாயின், அவர் கையறிவு தங்க இங்கு ஓரிடமும் இராது. சென்ற தவணையிலிருந்து சனிக்கிழமைதோறும் எம் வகுப்பு மாணவர் நால்வர் அவர் கராஜுக்குச் செல்கின்றனர். முதல் மாதம் கருவி கழுவினர்; இப்போது வால்வு இடைவெளி பார்க்கின்றனர். அதற்கு எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டுமாதலின் காலை ஏழு மணிக்கே போகின்றனர். பயிற்சிக்கு அவர்களுக்குக் கிடைக்கும் எஞ்சின் எமதே.

தரகர் சித்திரையில் மீண்டும் வருவதாகக் கூறியுள்ளார். அதற்குள் வலப்புறத் தரைத்தகட்டை வெட்டி மாற்றி முடிக்கவேண்டும் என்று பாஸ் கூறுகின்றார். விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் அவ்வேலை ஒன்றே. பற்றறிக்கு ரப்பர் மூடி இட்டாயிற்று. பெற்றோல் குழாய் புதிது. பழைய மாணவர் எவரிடமேனும் 1961ஆம் ஆண்டு வகைக்குரிய இடப்புறப் பின் மட்காட் ஒன்று, உக்கியதாயினும், கிடக்குமாயின் கல்லூரி முகவரிக்கு ஓர் அட்டை எழுதினால் போதும். நாமே வந்து எடுத்துக்கொள்வோம்.